நாற்பத்தொன்றாவது சாவி

பூட்டின் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம். பூட்டே இல்லாத சாவி தொலைந்துபோனால் எதை உடைப்பது?

"ஆளை உடைப்பாங்க மேடம். எங்க அக்காவை ரெண்டு நாளா அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்காங்க," என்றான் சில்லறை.

நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் படிகளில் இருவரும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மதியம் மணி ஒன்று. நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. அதற்குள் சாவி கிடைக்காவிட்டால் அக்காவைப் போலீசில் ஒப்படைப்பதாக இயக்குநர் சொல்லிவிட்டார். சாதாரண நாளாக இருந்தால் முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நடுவில் சில்லறை ஐந்து ஜோக் அடித்திருப்பான். வாயைத் திறந்தால் கலகலவென்று கொட்டுகிறான் என்று அக்கா சிறுவயதில் வைத்த பெயர்தான் அது. இன்று அந்த வாயில் சுரத்தே இல்லை.

கூட வந்த அம்மாளுக்கு ஊர் வைத்த பெயர் குடையம்மா. ரயில்வேயின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் துப்பறிய வந்தவர். வெயிலோ மழையோ, கறுப்புக் குடை இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். அந்த அலுவலகத்தில் கற்ற ஒரே ஒரு பாடத்தை வைத்துக்கொண்டே இதுவரை பதினேழு வழக்குகளை முடித்திருக்கிறார். "இது என் பொருள்னு வர்றவன் வாயைப் பார்க்காதே, கையைப் பார். சொந்தக் குடையைத் தூக்குற கை வேற, அடுத்தவன் குடையைத் தூக்குற கை வேற."

வழக்கை ஏற்கும்போதே அவர் தன் உதவியாளனான சில்லறையிடம் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "உன் அக்காதான் செஞ்சிருந்தாலும் நான் சொல்லிடுவேன். சம்மதமா?"

"சம்மதம் மேடம்," என்று மார்தட்டிச் சொல்லியிருந்தான். அப்போது அவனுக்கு அக்காமேல் மலையளவு நம்பிக்கை.

வாசல் காவலர் குடையம்மாவின் கைப்பையைத் திறந்து பார்த்தார். குடையை விரித்துப் பார்த்தார். சில்லறையின் சட்டைப் பையைக்கூடத் தட்டிப் பார்த்தார்.

"உள்ளே போறப்பவே இவ்வளவுன்னா, வெளியே வர்றப்ப?" என்றார் குடையம்மா.

"இதைவிட மூணு மடங்கும்மா. இயக்குநர் சாப்பாட்டு டப்பாவையே திறந்துதான் பார்ப்பேன்."

"எதைத் திறந்து பார்க்க மாட்டீங்க?"

காவலர் கொஞ்சம் யோசித்தார். அவர் முகம் வாடியது. "குழந்தைங்க பட்டறையில செஞ்சதை மட்டும் தொட மாட்டேன். போன வருஷம் ஒரு குட்டிப் பையன் களிமண்ணுல கோட்டை செஞ்சு எடுத்துட்டுப் போனான். உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கப் போயி கோபுரத்தை உடைச்சிட்டேன். அவன் அழுத அழுகை இருக்கே... அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை."

குடையம்மா தலையசைத்துக்கொண்டார். தலையசைத்தால் ஏதோ அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம். என்ன அகப்பட்டது என்று கேட்டால் சொல்ல மாட்டார்.

இயக்குநருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனிதர். நின்றபடியே கதையைச் சொல்லி முடித்தார். நூறு வருடத்துக்கு முந்தைய பெருவெள்ளத்தில் ஆற்று மதகைத் திறந்து பாதி நகரத்தைக் காப்பாற்றிய இரும்புச் சாவி. ஒரு சாண் நீளம். மதகும் பூட்டும் எப்போதோ போய்விட்டன. சாவி மட்டும் முதல் கூடத்தில் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தது. வியாழக்கிழமை காலையில் அதை இடம் மாற்ற ஒரு தச்சரை வரவழைத்தார்கள். அவர் கையில் எடுத்ததும் சிரித்துவிட்டார். "என்ன சார், இது மரம். நான் பார்க்காத மரமா?"

குடும்பப் பட்டறையில் குழந்தைகள் தொட்டுப் பார்ப்பதற்காக, கறுப்பு அடித்த மரச் சாவிகள் மூன்று உண்டு. அவற்றில் ஒன்றுதான் பேழைக்குள் படுத்திருந்தது. பட்டறைப் பெட்டியில் மீதி இரண்டு.

"பெட்டி உங்க அக்கா பொறுப்பு," என்றார் இயக்குநர், சில்லறையைப் பார்க்காமல். "புதன்கிழமை சாயங்காலம் பேழையைத் திறக்கக் காவலர்கிட்ட கையெழுத்துப் போட்டு சாவி வாங்கினதும் உங்க அக்கா. அதுக்கப்புறம் வேற யாரும் வாங்கலை."

"குழந்தைங்களுக்குக் கிட்டத்துல காட்டத்தான் சார் வாங்கினா. திரும்பப் பூட்டிக் குடுத்துட்டா."

"அதை அவங்க மட்டும்தானே சொல்றாங்க?"

சில்லறைக்குச் சுருக்கென்றது. வியாழக்கிழமை மாலை அக்காவின் கைப்பையை எல்லோர் முன்னாலும் மேஜைமேல் கவிழ்த்துப் பார்த்திருக்கிறார்கள். சீப்பு, தலைவலி மாத்திரை, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். அதைச் சொல்லும்போதுதான் அக்கா அழுதாள். சாவியைப் பற்றிச் சொல்லும்போது அழவில்லை.

"வேற யார்கிட்டயும் பேழைச் சாவி கிடையாதா?" என்றார் குடையம்மா.

"காப்பாட்சியர்கிட்ட தனிக் கொத்து இருக்கு. ஆனா அவரைச் சந்தேகப்படறதும் சரி, இந்தக் கட்டடத்துத் தூணைச் சந்தேகப்படறதும் சரி. முப்பது வருஷமா அந்தச் சாவியைப் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டவர்."

ஒன்றரை மணிக்கு ஒரு சுற்றுலாக் குழு கிளம்பியது. குடையம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு அதில் போய்ச் சேர்ந்துகொண்டார். சில்லறை வாயைப் பிளந்தான். "மேடம், கையில இருக்கிறது ரெண்டரை மணி நேரம். அதுல ஒரு மணி நேரம் ஊர் வரலாறா?"

"பேசாம வா."

கழுத்தில் சின்ன ஒலிபெருக்கி மாட்டிய வழிகாட்டி கடகடவென்று ஒப்பித்துக்கொண்டே போனான். பழைய தெருவிளக்கு, முதல் தண்ணீர்க் குழாய், முதல் பேருந்தின் மணி. பேழையில் 'பராமரிப்பில் உள்ளது' என்று ஒரு அட்டை. "அடுத்த மாசத்துல இருந்து இந்தச் சாவி வாசல்லயே சங்கிலியில தொங்கப் போகுது. கண்ணாடி கிடையாது. நீங்க எல்லாரும் நிஜச் சாவியையே கையில பிடிச்சுப் பார்க்கலாம். நம்ம புது இயக்குநரோட ஏற்பாடு!" கூட்டம் கைதட்டியது.

அடுத்து நடைபாதை. ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்குப் பின்னால் பட்டறை. முப்பது குழந்தைகள், அம்மா அப்பாக்களோடு பழைய தெருப் படத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அக்கா. முன்பதிவு செய்த குடும்பங்களை ஏமாற்ற முடியாது என்று வேலை செய்ய விட்டிருந்தார்கள். ஆனால் ஒரு காவலர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார். பக்கத்திலேயே, அதே கண்ணாடிக்குப் பின்னால், ஒரு சின்ன உலர்த்தும் அறை. அங்கே மர அலமாரியில், புதன்கிழமைப் பட்டறையில் குழந்தைகள் பிளாஸ்டரில் வார்த்த வெள்ளைச் சாவிகள் காய்ந்துகொண்டிருந்தன. இன்று நான்கு மணிக்குக் குடும்பங்கள் வந்து வாங்கிப்போகும்.

குடையம்மா அந்தக் கண்ணாடி முன்னால் ஒரு நிமிடம் நின்றார். பிறகு குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நான் காப்பாட்சியரைப் பார்த்துட்டு வர்றேன். நீ போய் அந்த வெள்ளைச் சாவி எத்தனைன்னு எண்ணிட்டு வா. புதன்கிழமை வந்தது நாற்பது குடும்பம்."

"எண்ணுறதுக்கு ஒரு துப்பறிவாளனா? பால்வாடிக் குழந்தை போதுமே மேடம்."

"அதான் உன்னை அனுப்பறேன்."

உலர்த்தும் அறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை. சில்லறை விரல் விட்டு எண்ணினான். கோணல் சாவி, பல் இல்லாத சாவி, சாவியா கரண்டியா என்று செய்தவனுக்கே தெரியாத சாவி. ஒவ்வொன்றின் தலையிலும் கலர் டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு மிருக முத்திரை குத்தியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பொடிசுகளுக்காக அக்கா கண்டுபிடித்த வழி அது. உன் சாவி ஆமைச் சாவி, உன்னுடையது ஒட்டகச் சிவிங்கி.

நாற்பது. கீழ்த்தட்டின் மூலையில் இன்னொன்று.

நாற்பத்தொன்று.

அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் குண்டாக இருந்தது. டேப் இல்லை, முத்திரை இல்லை. அடியில் நான்காக மடித்த வெள்ளை மெல்லிய காகிதம். தலையில் வெள்ளை நூலில் ஒரு சீட்டு. நூல் இறுக்கிக் கட்டப்படவில்லை. பொருளில் உரசாதபடி தளர்வாக ஒரு வளையம், அதன் மேலே சின்ன முடிச்சு. சீட்டில் பென்சிலால் 217.

சில்லறை ஒரு கையால் அதைத் தூக்கப் பார்த்தான். மணிக்கட்டு கீழே இறங்கியது. பிளாஸ்டருக்கு இந்தக் கனம் கிடையாது.

சட்டென்று அதைக் கீழே வைத்துவிட்டான். சாவி கிடைத்துவிட்டது என்பதால் இல்லை. அந்த முடிச்சு அவனுக்குத் தெரியும் என்பதால்.

பட்டறைக்கு வருவதற்கு முன் அக்கா ஆறு வருடம் காப்பாட்சியரின் அறையில் வேலை பழகியவள். அந்தப் பழக்கம் வீடுவரைக்கும் வந்துவிட்டது. பின்கதவுச் சாவியில் சீட்டு, மருந்து பாட்டிலில் சீட்டு, ஊசி டப்பாவில் சீட்டு. எல்லாம் இதே தளர்ந்த வளையம், இதே பென்சில். மை கசியுமாம், பென்சில் கசியாதாம். அந்த வீட்டில் சீட்டுத் தொங்காத ஒரே உருப்படி மச்சான்தான் என்று சில்லறையே எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறான். வீட்டு மாடியில்தான் அவனுக்கும் ஜாகை. அவன் அறைச் சாவியிலும் அதே முடிச்சு.

அப்படியானால் அக்காவா?

அக்காவுக்கு எதற்கு அந்தத் துருப்பிடித்த இரும்பு? தெரியவில்லை. ஆனால் முடிச்சு பொய் சொல்லுமா? யோசிக்கிற வேலையை மூளை ஆரம்பிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. சீட்டை உருவிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். சாவியை அங்கேயே விட்டான். எப்படியாவது நான்கு மணிக்குள் அதை எடுத்து இயக்குநர் மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு திட்டம். அந்தத் திட்டத்தில் ஒன்பது ஓட்டைகள் இருந்தன.

வெளியே வந்தால் எதிரே அக்கா. வர்ணத் தட்டுகளைக் கழுவ எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று அடி தள்ளிக் காவலர்.

"என்னடா, உங்க மேடம் ஏதாவது கண்டுபிடிச்சாங்களா?"

கேட்டுவிடலாம். ஒரே ஒரு கேள்வி. அக்கா, நீ எடுத்தியா? காவலர் காதில் விழாமல் மெதுவாகக் கேட்க வழியிருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும் தைரியம் சில்லறைக்கு இல்லை. தைரியம் இல்லாத இடத்தில் அவன் எப்போதும் வைப்பதையே இப்போதும் வைத்தான்.

"கண்டுபிடிச்சாச்சுக்கா. இந்த ஊர்ல வெள்ளத்துல தப்பிச்சவங்களைவிட சுற்றுலாவுல தப்பிச்சவங்க கம்மி."

அக்கா சிரித்தாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தது. "நீ இருக்கேன்னுதான்டா எனக்குத் தைரியம்," என்று சொல்லிவிட்டுத் தட்டுகளோடு போனாள்.

பைக்குள் சீட்டு சூடாக இருப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது.

மூன்று மணிக்குக் குடையம்மா காப்பாட்சியரின் அறையிலிருந்து திரும்பினார். கேன்டீன் மேஜையில் இரண்டு டீ வந்தது. குடையை மடியில் படுக்கவைத்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை?"

"நாற்பது மேடம்."

"சரியா எண்ணினியா?"

"ரெண்டு தடவை."

குடையம்மா டீயை ஊதினார். "காப்பாட்சியர் நல்ல மனுஷன். உன் அக்காவைப் பத்திப் பெருமையாப் பேசினார். அவ எடுத்திருப்பான்னு நம்பவே முடியலைன்னார். நம்பவே முடியலைன்னு நாலு தடவை சொன்னார்."

"பெரிய மனுஷன் மேடம்."

"ம். டீ ஆறுது, குடி."

சில்லறை குடித்தான். இடது கையால். வலது கை பையை விட்டு வெளியே வரவில்லை. குடையம்மா அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றரைக்கு உலர்த்தும் அறையில் ஆறு பேர். இயக்குநர், காப்பாட்சியர், காவலர், அக்கா, குடையம்மா, சில்லறை. காப்பாட்சியர் மெலிந்த உயரமான மனிதர். நரைத்த புருவம். பேச்சும் மெதுவாகத்தான் வந்தது.

"குடும்பங்க வர்றதுக்குள்ள இதையெல்லாம் இந்தப் பெரிய மேஜைக்கு மாத்திடலாம்," என்றார் குடையம்மா. "நான் எடுத்துக் குடுக்கறேன். ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வையுங்க."

"இதுக்கா எங்களைக் கூப்பிட்டீங்க?" என்றார் இயக்குநர் எரிச்சலோடு.

"வயசானவ, குனிஞ்சு நிமிர முடியலை."

இருபத்தைந்து கிலோ மூட்டையைத் தூக்கி ரயிலடி அலமாரியில் அடுக்கியவர் அவர்.

சாவிகள் கைமாறின. இயக்குநர் சட்டையில் பொடி படாமல் இரண்டு விரலால் வாங்கினார். கோட்டை உடைத்த காவலர் வியர்க்க வியர்க்க வாங்கினார். அக்கா மூன்று நான்கை ஒன்றாக வாரி, கீரைக்கட்டு போல மேஜையில் சாய்த்தாள். காப்பாட்சியர் ஒற்றைக் கையை நீட்டி, ஒட்டகச் சிவிங்கி, ஆமை, வாத்து, முயல் என்று ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். அவற்றின்மேல் அவருக்குப் பெரிய மரியாதை ஒன்றும் இல்லை.

குடையம்மா கீழ்த்தட்டின் மூலைக்குக் குனிந்தார். எடுத்தார். காப்பாட்சியர் பக்கம் நீட்டினார்.

அவருடைய இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்தன. உள்ளங்கைகள் மேல்நோக்கி விரிந்தன. இடது கை சாவியின் தலைக்குக் கீழே, வலது கை தண்டுக்குக் கீழே. சாவி வந்து சேருவதற்கு முன்பே முழங்கைகள் கனத்துக்குத் தயாராக விலாவோடு ஒட்டிக்கொண்டன.

குடையம்மா கொடுக்கவில்லை. நீட்டியபடியே நின்றார்.

"இது கனமா இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

காப்பாட்சியரின் கைகள் அந்தரத்திலேயே நின்றன.

"நான்... நான் எந்தப் பொருளையும் இப்படித்தான் வாங்குவேன்."

"வாத்தை ஒத்தைக் கையிலதான் வாங்கினீங்க. முயலையும்."

மேஜை விளிம்பில் ஒரே ஒரு தட்டு. பிளாஸ்டர் பிளந்தது. உள்ளே எட்டு மடிப்பு மெல்லிய காகிதம், அதற்குள் எண்ணெய்க் காகிதம், அதற்கும் உள்ளே, பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றியதுபோல, கறுத்த இரும்புச் சாவி. ஒரு துளி பிளாஸ்டர்கூட அதன்மேல் படவில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

காப்பாட்சியர் கைகளைத் தொங்கவிட்டார். ஆனால் குரல் நிதானமாகவே வந்தது. "கிடைச்சது சந்தோஷம். ஆனா அது இருந்தது இவ அறையில, இவ அலமாரியில. என் கை எப்படி எழுந்துச்சுங்கறது சாட்சியா? நான் பழக்கின பொண்ணு. இப்படிச் சுத்தி வைக்க அவளுக்கும் தெரியும்."

இயக்குநர் அக்காவின் பக்கம் திரும்பினார். சில்லறையின் கை பைக்குள் சீட்டை இறுக்கியது. அந்த ஆள் சொல்வது சரிதானே? முடிச்சும் அதைத்தானே சொல்கிறது?

"இதோட ஒரு சீட்டு இருந்திருக்கும்," என்றார் குடையம்மா. "இந்த மாதிரி சுத்தத் தெரிஞ்ச கை, சீட்டு இல்லாம விட்டிருக்காது." அவர் திரும்பினார். கையை நீட்டினார். "குடு."

"மேடம்?"

"கண்ணாடிக்கு வெளியே நின்னே நாற்பத்தொண்ணு எண்ணிட்டேன். நீ வந்து நாற்பதுன்ன. ரெண்டு கையும் ஆட்டாம பேசத் தெரியாதவன், அரை மணி நேரமா ஒரு கையைப் பைக்குள்ள வெச்சிருக்க. குடு."

சில்லறை அக்காவைப் பார்த்தான். அவள் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து கை வெளியே வந்தது. கசங்கிய சீட்டு, தளர்ந்த வளையத்தோடு. நானே என் கையால் இவளைப் பிடித்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தான்.

குடையம்மா சீட்டை மேஜையில் வைத்து நீவினார். "பட்டறைச் சாவிக்கெல்லாம் டேப், மிருக முத்திரை. நம்பரே கிடையாது. இந்தப் பொண்ணு ஒளிச்சு வெச்சிருந்தா ஒரு யானை முத்திரை குத்தியிருப்பா, அது நாற்பதோட நாற்பத்தொண்ணா மறைஞ்சிருக்கும். பட்டறைக்குள்ள ஒரு நாளும் உட்கார்ந்து பார்க்காத ஒருத்தர்தான் நம்பர் போடுவார். நம்பர் இல்லாம ஒரு பொருளைத் தூங்கவைக்கத் தெரியாத ஒருத்தர்."

இதுவரை கைப்பிடியை மறைத்துக் கக்கத்தில் இடுக்கியிருந்த குடையை எடுத்து மேஜையில் வைத்தார். அதன் கைப்பிடியில் ஒரு சீட்டுத் தொங்கியது. வெள்ளை நூல், தளர்ந்த வளையம், பென்சில்.

218.

"உங்க அறை வாசல்ல வெச்சுட்டு உள்ளே வந்தேன். பேசிக்கிட்டே நீங்களே இதைக் கட்டிட்டீங்க. அந்த அறைக்குள்ள வர்ற எதுக்கும் தற்காலிக நம்பர் போடுவேன்னீங்க. பதிவேட்டைக் காட்டினீங்க. 216 ஒரு பழைய கடிகாரம். 218 கறுப்புக் குடை. நடுவுல ஒரு வரி காலி." குரலைத் தாழ்த்தினார். "எழுத மனசு வரலை. ஆனா அந்த நம்பரை வேற எதுக்கும் குடுக்கவும் மனசு வரலை. அப்படித்தானே சார்?"

காப்பாட்சியர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கண் சாவியை விட்டு நகரவில்லை.

"சங்கிலியில கட்டித் தொங்கவிடுவாங்களாம். தினம் ஐந்நூறு கை. வியர்வை, எச்சில், ஐஸ்கிரீம். ஒரு வருஷத்துல பல்லெல்லாம் மழுங்கிடும். எழுதிக் குடுத்தேன். மூணு தடவை எழுதிக் குடுத்தேன். இவர் படிச்சுக்கூடப் பார்க்கலை." இயக்குநர் தரையைப் பார்த்தார். "இன்னைக்குக் குடும்பங்க வெளியே போறப்ப, இதையும் குழந்தை செஞ்சதா எடுத்துட்டுப் போயி பத்திரமா வெச்சிருப்பேன். விக்கறதுக்கில்லை."

"நான் சார்?" என்றாள் அக்கா. "என்னைப் போலீஸ்ல குடுக்கப் போறாங்கன்னு தெரியும்ல உங்களுக்கு?"

அவர் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "உனக்கு வேற வேலை கிடைக்கும்மா. வேற சாவி கிடையாது."

அதில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. அதுதான் சில்லறைக்குப் பயமாக இருந்தது. ஆறு வருடம் பக்கத்தில் உட்காரவைத்து முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தவர், முப்பது வருடமாகப் பொருளையே பார்த்துப் பார்த்து, ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டிருந்தார்.

காவலர் அவர் தோளைத் தொட்டார். எழுந்து போகும்போதும் அவர் சாவியைச் சுற்றியிருந்த காகிதத்தின் ஒரு முனையைச் சரிசெய்துவிட்டுப் போனார். இயக்குநர் அக்காவிடம் ஏதோ மன்னிப்பு போலச் சொன்னார். "பையைக் கவிழ்த்தது எல்லார் முன்னாடி சார். மன்னிப்பும் அங்கேயே கேளுங்க," என்றாள் அக்கா. அவர் தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்துக்கு ஓடினார்.

ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அக்கா மேஜையில் கிடந்த சீட்டைக் கையில் எடுத்தாள். 217. கசங்கலைப் பார்த்தாள். பைக்குள் எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறவள்போல் பார்த்தாள்.

"தட்டு கழுவப் போறப்ப என்னைப் பார்த்தியே, அப்பவே இது உன் பைக்குள்ள இருந்துச்சா?"

"அக்கா, உன்னைக் காப்பாத்தத்தான்..."

"எதுல இருந்துடா? நான் எடுக்கவே இல்லையே." அவள் குரல் உயரவில்லை. "அப்போ நான்தான் எடுத்தேன்னு நினைச்சிருக்க. ஊரெல்லாம் பேசுற வாய். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையா உனக்கு?"

அவள் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, பட்டறைக் கதவைத் திறக்கப் போனாள். மணி நான்கு.

சில்லறைக்குக் கண் கலங்கியது. அவரும் பழக்கத்தால் கெட்டார், நானும் பழக்கத்தால் கெட்டேன் என்று தோன்றியது. அக்காவின் கையை இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறான். முடிச்சைப் பார்த்தான், முத்திரையைப் பார்க்கவில்லை. இவளைக் காட்டிக்கொடுக்கும் என்று அவன் ஒளித்த சீட்டுதான் இவளைக் காப்பாற்றியது. ஒளித்ததுதான் மிச்சம்.

"மேடம், நான் பொய் சொன்னேன்னு தெரிஞ்சப்பவே ஏன் கேக்கலை?"

குடையம்மா குடையிலிருந்த சீட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஆபீஸ்ல ஒரு விதி உண்டு. பொருள் யாரோடதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தாலும், தொலைச்சவன் வந்து வாயைத் திறந்து கேட்டாத்தான் குடுப்போம். நாங்களா வீடு தேடிப் போய்க் குடுக்க மாட்டோம்." குடையைத் தோளில் சாய்த்தார். "போய்க் கேளு."

பட்டறைக்குள் குடும்பங்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. அக்கா மேஜைக்குப் பின்னால் நின்று, ஆமையையும் வாத்தையும் உரியவர்களிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளிடம் சிரித்தாள். சில்லறை கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவள் முன்னால் போய் நின்றான். வாயைத் திறந்தான். ஒரு ஜோக்கும் வரவில்லை.

"அக்கா..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. கையிலிருந்த முயல் சாவியால் கதவுப் பக்கம் காட்டினாள்.

"வரிசையில நில்லு."

அவன் கதவுவரை போய், வரிசையின் கடைசியில், ஒரு ஐந்து வயதுக் குழந்தைக்குப் பின்னால் நின்றான். முன்னால் முப்பத்தாறு குடும்பங்கள் இருந்தன.